ஒரு கை தூரம்

வாய்க்கரிசிக்காக அரிசி டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்ட கமலவேணி, கையை வெளியே எடுத்தபோது அரிசியோடு ஒரு செல்போனும் வந்தது.

“அட, என்னாடி இது கூத்து!” போனின் கறுப்புக் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கே வந்துவிட்டாள். “உங்கப்பா கழுத்துல மாட்டிகினு இருந்த போனாச்சே துர்கா. தண்ணில விழுந்துச்சா?”

நனைந்த போனை அரிசிக்குள் புதைத்து வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று உழவர்கரையில் நம்பாதவர் கிடையாது. அந்த நம்பிக்கை நல்லா இருக்கட்டும் என்று துர்கா நினைத்துக்கொண்டாள். “ஆமாத்தே. நேத்து பக்கெட்டுல விழுந்துடுச்சி. உள்ளயே போட்டுடு, இன்னும் காயல.”

பக்கத்து வீட்டுக் கமலவேணி சொன்னால் கேட்கிறவள்தான், போட்டிருப்பாள். அதற்குள் ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த துர்காவின் அண்ணன் அருள்முருகன் எழுந்து வந்துவிட்டான்.

“இதத்தான நேத்திலேர்ந்து தேடறேன்? கேட்டா தெரியலன்ன?”

“காயட்டும்னு வெச்சேன். ஞாபகம் இல்லண்ணே.”

“குடு. வேலை செய்யுதா பாக்கறேன். எங்கப்பன் பேசின போனு. அவரு கழுத்துல மாட்டித்தான் அனுப்பணும்.”

துர்கா கையை நீட்டினாள். அவன் அதற்குள் வாங்கிச் சட்டையில் துடைக்க ஆரம்பித்துவிட்டான். அந்த போன் நனையவே இல்லை. அவள்தான் ஒளித்து வைத்தாள். அதற்குள் இருப்பது தெரிந்தால், அப்பனைக் கொன்றவள் என்று இந்தக் கூடத்திலேயே பெயர் ஆகிவிடும். ஊர் சொல்வது இருக்கட்டும், நேற்று மதியத்திலிருந்து அவளே தனக்குள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெட்டிக்குள் கிடந்த கோவிந்தசாமி, மில் மூடுகிற வரைக்கும் மில்லில் வேலை பார்த்தவர். மில் சங்கு ஊதி அரை மணியில் அந்த வீட்டில் அவர் மனைவி செல்வாம்பாள் அலறுவாள். தெரு அதை வைத்தே நேரம் பார்த்துக்கொள்ளும். மில் மூடிய பிறகு அடிக்கு நேரங்காலம் இல்லாமல் போனது, அவ்வளவுதான் வித்தியாசம். செல்வாம்பாளுக்கு இடது கைச் சுண்டுவிரல் மடங்காது. கதவிடுக்கில் வைத்து அடைத்தது. அருள்முருகனுக்குப் பதினேழு வயதில் தோள்பட்டை இறங்கியது. அன்றைக்கு ஓசூருக்கு ஓடியவன், இருபது வருஷத்தில் தீபாவளிக்குக்கூட ஒழுங்காக வந்ததில்லை. நேற்று வந்ததிலிருந்து அவன் அழுகைதான் பெரிய அழுகை. செத்தவன் கண் செந்தாமரைக் கண்ணாகிவிடுகிறது. இருக்கிறவளின் சுண்டுவிரலை யார் பார்க்கிறார்கள்?

எட்டு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து அவருக்கு வலது பக்கமும் பேச்சும் போயின. சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று துர்கா நினைத்தாள். சாமி ஒரு கண்ணைத்தான் திறந்திருந்தது. இடது கை அப்படியே இருந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த கவிநிலா என்ற பெண்தான் போனில் ஓர் ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். பேச முடியாதவர்களுக்கானது. அருள்முருகன் ஓசூரிலிருந்து தன் பழைய போனை அனுப்பியிருந்தான். திரையில் கூப்பிடுகிற கை, தண்ணீர்ச் சொம்பு, சோற்றுத் தட்டு, மின்விசிறி, வலியில் முகம் சுளிக்கிற ஒரு மஞ்சள் மூஞ்சி என்று வரிசையாகப் படங்கள். தொட்டால் டிங் என்று ஒரு மணி அடிக்கும். பிறகு ஒரு பெண் குரல் அதற்கான வார்த்தையைச் சொல்லும். சத்தத்தைக் குறைக்கிற பொத்தான் உடைந்து போயிருந்ததால் எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்லும்.

“எனக்குத் தண்ணீர் வேண்டும்.” “இங்கே வா.” “வலிக்கிறது.”

வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை மட்டுமே வந்த மனுஷன் வானொலியில் செய்தி வாசிக்கிறவளைப்போலப் பேசியதைக் கேட்டு முதல் நாள் துர்கா சிரித்துவிட்டாள். சிரிப்பு அந்த ஒரு நாளோடு சரி.

‘இங்கே வா’ என்றால் செல்வாம்பாள் போட்டது போட்டபடி ஓடி வருவாள். வந்து, கட்டிலிலிருந்து ஒரு கை தூரத்துக்கு மேல் நான்கு விரற்கடை தள்ளி நிற்பாள். எந்தக் கோலை வைத்தும் அளக்காத அந்த தூரம் ஒருநாளும் தவறாது. அவர் கை அங்கே வரை எட்டாது. அதைக் கண்டுகொண்டவர் மஞ்சள் மூஞ்சியைத் தொடப் பழகினார். ‘வலிக்கிறது’ என்றால் அவள் கிட்டே வந்து குனிந்து பார்ப்பாள். குனிந்தால் முடி கைக்குள் வந்துவிடும். இரண்டு வாரத்துக்கு முன்னால் அப்படித்தான் அவள் தலையைப் பிடித்துக் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் இரண்டு முறை மோதினார். நெற்றியில் நான்கு தையல். ஆஸ்பத்திரியில் வழுக்கி விழுந்தேன் என்றாள்.

“அவரு கூப்பிட்டா இனிமே போவாதம்மா” என்றாள் துர்கா, கட்டு மாற்றிவிடும்போது.

“கூப்பிடறது காதுல வுழுதேடி. வுழுந்தப்புறம் எப்பிடிப் போவாம இருக்கறது?”

போனைப் பிடுங்கி எறியலாம். ஞாயிறு தவறாமல் அண்ணன் வீடியோவில் வந்து ‘அப்பா, தண்ணி வேணும்னு சொல்லுப்பா’ என்று சொல்ல வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வான். பிடுங்கினால் ஓசூரிலிருந்து கிளம்பி வந்துவிடுவான். ஆகவே போன ஞாயிற்றுக்கிழமை அவன் பேசி முடித்ததும், அப்பா அசந்த நேரத்தில், துர்கா அந்த ஆப்பின் உள்ளே போய் மொழி என்ற இடத்தைத் தேடிப் பிடித்தாள். பன்னிரண்டு மொழிகள் இருந்தன. ஒவ்வொன்றும் அதனதன் எழுத்தில் இருந்தது. இந்தி வேண்டாம், சீரியல் பார்த்து அம்மாவுக்குப் பாதி புரியும். தெலுங்கு, வீட்டுக்காரம்மா பேசுகிற பாஷை. மலையாளத்தை நம்ப முடியாது. ஆங்கிலத்தில் வலிக்கு உள்ள வார்த்தை யாருக்குத்தான் தெரியாது? கடைசியில் தெருப் பலகைகளில் பார்த்துப் பார்த்துப் பழகிய எழுத்தில் ஒன்று இருந்தது. பிரெஞ்சு. அம்மா கடற்கரைப் பக்கம் ஒரு பிரெஞ்சுக்காரம்மா வீட்டில் பதினோரு வருஷம் வேலை செய்தவள்தான். ஆனால் மதாம் நம்மைவிட நல்லாத் தமிழ் பேசும் என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள். துர்கா அதைத் தொட்டாள்.

டிங். “வியேன் இஸி” என்றது குரல். மொழியை மாற்றினால் அது முதல் படத்தை, கூப்பிடுகிற கையை, ஒருமுறை பேசிக் காட்டும்.

அடுப்படியிலிருந்து செல்வாம்பாள் பாதி தூரம் வந்து நின்றாள். “என்னாடி சொல்லுது?”

“போன் கெட்டுப்போச்சும்மா. என்னமோ பாஷை பேசுது. இனிமே இப்பிடித்தான். நீ உன் வேலையப் பாரு.”

அம்மா அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். “பேசட்டும். எனக்கு என்னா தெரியுது” என்று திரும்பிப் போனாள்.

மூன்று நாள் அந்த வீட்டில் யாரும் அடி வாங்கவில்லை. போன் பிரெஞ்சில் கத்திக்கொண்டே இருக்கும், அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருப்பாள். வேளைக்குச் சோறும் தண்ணீரும் நீளக் கரண்டியில் எட்ட நின்று கொடுத்தார்கள். கோவிந்தசாமிக்குப் புரிந்துவிட்டது. போனைத் தூக்கி எறிவார். கழுத்துக் கயிறு அதை அவர் நெஞ்சுக்கே திருப்பிக் கொண்டுவரும். வேலைக்குக் கிளம்புகிற துர்காவை அவர் பார்த்த பார்வையில், கை எட்டினால் கழுத்தை நெரித்திருப்பார். அவள் அவர் கண்ணெதிரே நின்று தலை வாரிக்கொண்டாள். சொல்லப்போனால் அந்த மூன்று நாளும் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

புதன்கிழமை மதியம் மாத்திரை அட்டை பேக்கிங் செய்யும் கம்பெனியில் இருந்தவளுக்கு அம்மாவின் போன் வந்தது. “அப்பா எழுந்துக்கல. வா.”

குளிப்பாட்டுவதற்காகக் கயிற்றைக் கழற்றியவள் துர்காதான். தொட்டவை எல்லாம் வரிசையாகப் பதிந்திருக்கும் இடம் ஒன்று அதில் உண்டு. திறந்தாள். காலை பதினொன்று ஐந்திலிருந்து பதினொன்று நாற்பது வரை மஞ்சள் மூஞ்சி, மஞ்சள் மூஞ்சி, மஞ்சள் மூஞ்சி. இருபத்து மூன்று முறை. இந்த முறை யாருடைய முடியும் அவர் கைக்குள் வருவதற்காக இல்லை. பத்தடி தள்ளிக் கொல்லையில் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்திருக்கிறாள், ஒரு வார்த்தையும் புரியாமல். புரியாமல் செய்தது யார்? வாசலில் தாய்மாமன் வீட்டார் அழுகையோடு நுழைந்தார்கள். தமிழுக்கு மாற்றினால் போன் உடனே கத்தும். என்ன செய்வதென்று தெரியாமல் அதை அரிசி டிரம்மில் முழங்கை ஆழத்துக்கு அழுத்தினாள். சாவு வீட்டில் எல்லோரும் கை விடுகிற இடம் அது என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

“வேலை செய்யுது!” என்றான் அருள்முருகன். “இங்க பாருங்க, எங்கப்பா பேசுவாரு இதுல.” கூடத்தில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள். அவன் விரல் போய் மஞ்சள் மூஞ்சியில் விழுந்தது.

டிங். “ழே மால்.”

வாசலில் மேளம் நின்றிருந்த நேரம். எல்லோருக்கும் கேட்டது. அவன் மறுபடி தொட்டான். மறுபடி அதே.

“பிரான்சேல பேசுதேப்பா” என்றார் எதிர்வீட்டு ஜானகிராமன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்தவர், தெருவில் அவருக்கு சொல்தா என்று பெயர். சாவு வீட்டிலும் நல்ல சட்டையில்தான் வருவார். “வலிக்குதுன்னு அர்த்தம்.”

அருள்முருகன் விரலால் திரையைத் தள்ளிக்கொண்டே போனான். அந்த வரிசை அவன் முகத்தில் வெளிச்சமாக ஏறி இறங்கியது. அவன் வாய் எண்ணியது.

“இருவத்தி மூணு வாட்டி” என்றான். “நேத்து காலைல. இருவத்தி மூணு வாட்டி வலிக்குதுன்னு சொல்லியிருக்காரு. யாருக்கும் புரியாத பாஷையில.” நிமிர்ந்தான். “இதத்தான் அரிசிக்குள்ள வெச்சியா? யாரு மாத்துனது?”

பொய் சொல்லியிருக்கலாம். தானே மாறிவிட்டது என்று சொன்னால் அங்கே பாதிப் பேர் நம்பியிருப்பார்கள். துர்காவுக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை.

“நான்தான்.”

கன்னத்தில் விழுந்த முதல் அறையில் காது அடைத்துப்போயிற்று. வலது கையில் போன் இருந்ததால் அவன் இடது கையால் அவள் முடியைக் கொத்தாகப் பிடித்தான். அந்தப் பிடி அவளுக்குத் தெரிந்த பிடி. “கொன்னுட்டியேடி! எங்கப்பனத் துடிக்கத் துடிக்கக் கொன்னுட்டியேடி!” அவள் தலை ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் மோதியது. மாலை சரிந்தது. இன்னொரு முறை மோதியபோது கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அப்பாவின் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. வாயிலிருந்து ரத்தம் கண்ணாடியில் சொட்டியது. யாரோ “டேய், டேய், பொணம்டா” என்றார்கள். பிணத்துக்காகத்தான் சொன்னார்கள். மூன்றாம் முறை அவன் தலையைப் பின்னால் இழுத்தபோது அவன் கைமேல் இன்னொரு கை வந்து விழுந்தது. மடங்காத சுண்டுவிரல் கொண்ட கை.

“வுடுடா” என்றாள் செல்வாம்பாள்.

“அம்மா, உனக்குத் தெரியாது. இவ என்னா பண்ணாத் தெரியுமா? உனக்குப் புரியக்கூடாதுன்னே...”

“எனக்குப் புரிஞ்சுது.”

அவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரித்துக்கொண்டே, காய்கறிக்காரனிடம் பேசுகிற குரலில் சொன்னாள்.

“ழே மால்னா வலிக்குது. மதாம் சாவும்போது தமிழெல்லாம் மறந்துபோச்சு அதுக்கு. கடைசி ஒரு வருசம் பூரா பிரான்சேதான். ழே மால், ழே மால்னு கத்தும். நான் ‘ஊ ஸா, மதாம்’னு கேப்பேன். எங்க வலிக்குதுன்னு. காலக் காட்டும், புடிச்சி வுடுவேன். நெஞ்சக் காட்டும், நீவி வுடுவேன். யாரோ பெத்த பொம்பள.”

கடைசி விரலும் பிரிந்தது. துர்கா பெட்டியின் காலோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள்.

“இவரையும் கேட்டிருக்கலாம்” என்றாள் செல்வாம்பாள். “கேக்கல. மீன் கழுவிட்டிருந்தேன். மொத வாட்டி சொன்னப்போ, முடியப் புடிக்கத்தான் கூப்பிடறாருன்னு நெனச்சேன். பத்தாவது வாட்டி தெரிஞ்சிபோச்சு. கழுவின மீனையே திரும்பத் திரும்பக் கழுவிட்டிருந்தேன். சத்தம் நிக்கற வரைக்கும்.” மகனைப் பார்த்தாள். “அடிக்கணும்னா என்ன அடி. உங்கப்பன் வுட்ட எடம் இன்னும் கொஞ்சம் இருக்குது.”

அருள்முருகன் கை காற்றில் அப்படியே நின்றது. பிறகு போனைத் தரையில் ஓங்கி அடித்தான். திரையில் கோடு விழுந்தது, உடையவில்லை. வாசலுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான், சின்ன வயதில் இறங்கிய அதே தோள்.

கூடத்தில் இருபது பேராவது இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்டிருந்தது. சொல்தா ஜானகிராமன் சட்டைக் கையைச் சரிசெய்தார். கமலவேணி முறத்து அரிசியில் இல்லாத கல்லைப் பொறுக்கினாள். நாற்பது வருஷமாக அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் நின்று எல்லாம் கேட்டும் எதுவும் கேட்காத தெரு அது. அன்றைக்கும் அதற்கு எதுவும் கேட்கவில்லை.

“நேரமாவுது. வாய்க்கரிசி போடறவங்க வாங்க” என்றாள் கமலவேணி.

மேளம் மறுபடி ஆரம்பித்தது. செல்வாம்பாள் ஈரத் துணியால் கண்ணாடியில் இருந்த மகளின் ரத்தத்தைத் துடைத்தாள். பெட்டியைத் திறந்ததும் முதல் ஆளாகப் போய் மூன்று முறை அரிசி போட்டாள். அழவில்லை, அழாமலும் இல்லை. மூக்கு மட்டும் ஒழுகியது. கொள்ளிச்சட்டியோடு அருள்முருகன் முன்னால் நடக்க, ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுக் கலைந்த பிறகு இருவரும் தனியாக இருந்தார்கள். துர்காவுக்குக் கேட்க ஆயிரம் இருந்தது. அன்றைக்கு ‘எனக்கு என்னா தெரியுது’ என்று சொன்னபோதே உனக்குத் தெரியுமா? தெரிந்துதான் என்னைப் பார்த்தாயா? செல்வாம்பாள் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள். வீங்கிய இடத்தை விரலால் தேடினாள்.

“எங்கடி வலிக்குது?” என்றாள்.

துர்காவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

மூன்றாம் நாள், பால் தெளித்துவிட்டு வந்த பிறகு, காலை பதினோரு மணி வாக்கில் கவிநிலா வந்தாள். துக்கம் கேட்டாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். “அக்கா, தப்பா நெனக்காதீங்க. வைத்திக்குப்பத்துல ஒருத்தரு, போட்ல வேலை செஞ்சவரு, அப்பா மாரியே வாய் போயிடுச்சு. அந்த போன் சும்மா இருந்தா...”

“எடுத்துட்டுப் போ” என்றாள் துர்கா. அண்ணன் அதைத் தொடவே மாட்டேன் என்றிருந்தான். அலமாரி மேலிருந்து எடுத்து வந்து கொடுத்தாள்.

கவிநிலா திரையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். “வேற பாஷையில இருக்குதே. தமிழ்ல மாத்திக் குடுத்துடுங்கக்கா. அவங்க வூட்ல யாருக்கும் தெரியாது.”

உள்ளறையில் செல்வாம்பாள் தூங்கிக்கொண்டிருந்தாள். பகலில் அவள் தூங்கி துர்கா பார்த்ததே இல்லை. மல்லாந்து, இரண்டு கையையும் விரித்துப் போட்டு, வாயைத் திறந்தபடி தூங்கினாள். கூடத்தில் அப்பாவின் கட்டில் மெத்தை இல்லாமல் வெறும் இரும்பாகக் கிடந்தது. துர்கா கோடு விழுந்த திரையில் பன்னிரண்டு மொழிகளையும் மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனாள். தமிழ் கடைசியில் இருந்தது. தொட்டாள். தொட்ட பிறகுதான் அது பேசிக் காட்டும் என்பது ஞாபகம் வந்தது.

டிங். “இங்கே வா.”

உள்ளே பாத்திரம் ஒன்று உருண்டது. செல்வாம்பாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டே ஓடி வந்தாள். கண் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. துர்காவையும் பார்க்கவில்லை, வந்திருந்த பெண்ணையும் பார்க்கவில்லை. நேராகக் கட்டிலுக்கு வந்து, ஒரு கை தூரத்துக்கு மேல் நான்கு விரற்கடை தள்ளி நின்றாள்.

“ஒண்ணுமில்லம்மா” என்றாள் துர்கா. “நீ போய்ப் படு.”

செல்வாம்பாள் நகரவில்லை. அவள் கை தானாக உயர்ந்து, நெற்றித் தழும்பை மறைத்துக்கொண்டிருந்தது.